இருபத்திரண்டு நிமிஷத் தூரம்!

உங்களுக்கு ஒரு சின்னக் கேள்வி. பதில் சொல்லுமுன் பக்கத்தில் இருக்கும் அட்லஸைத் திறந்து பார்க்கக் கூடாது. குழந்தைகளைக் கேட்கவும் கூடாது.

திருச்சிராப்பள்ளிக்கு எது பக்கம்? சென்னையா, யாழ்ப்பாணமா?

"இதென்ன கேள்வி? சென்னை நம் ஊர். யாழ்ப்பாணம் கடல் கடந்த தேசம். சென்னைதான் பக்கம்!" என்று பத்துப் பேரில் ஒன்பது பேர் சொல்லிவிடுவீர்கள். மீதி ஒருவர், "ஏதோ சூது இருக்கிறது" என்று சந்தேகப்பட்டு, "யாழ்ப்பாணம்" என்பார். அவர் சொன்னதுதான் சரி! திருச்சி விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையம் ஆகாய வழியில் ஏறக்குறைய 293 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையமோ 184 கிலோமீட்டர்தான். நூறு கிலோமீட்டருக்கு மேல் கிட்டே இருக்கிறது!

எனக்கும் இது தெரியாமல்தான் இருந்தது. தெரிய வைத்தவர் ஓர் அம்மாள்.

யாழ்ப்பாணத்தம்மா கேட்ட கேள்வி

திருச்சியில் என் அத்தை வீட்டுக்கு அடுத்த வீட்டில் அவர் இருக்கிறார். தெருவில் அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. "யாழ்ப்பாணத்தம்மா வீடு" என்றால் குழந்தை கூட வழி காட்டும். 1982-ஆம் வருஷம் இருபது வயதில் கல்யாணமாகித் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, ரயிலில் திருச்சிக்கு வந்தவர். மறு வருஷம் தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு போனார். கைக்குழந்தையோடு 1983 ஜூனில் திரும்பினார். கப்பல் துறையில் கை அசைத்து வழியனுப்பிய தங்கைக்கு அப்போது பதினாறு வயது.

அடுத்த மாதம் அங்கே கலவரம். பிறகு யுத்தம். சில வருஷங்களில் கப்பலும் நின்றது. 1991-ல் தாயார் இறந்துபோனார். அந்தியேட்டி என்று அவர்கள் சொல்லும் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகுதான் கடிதம் திருச்சிக்கு வந்து சேர்ந்தது. "அழுகிறதுக்குக் கூட நேரம் பிந்திப் போச்சு, தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் எனக்குக் காபி கொண்டு வந்தார்.

யுத்தம் 2009-ல் முடிந்தபின் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கொழும்புக்கு விமானம் இருந்தது. ஆனால் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் தரை வழியில் ஏறக்குறைய 400 கிலோமீட்டர்; இரவெல்லாம் பிரயாணம். கணவரோ பக்கவாதத்தில் வருஷக் கணக்காகப் படுத்த படுக்கை. அவரை விட்டுவிட்டு ஓர் இரவு கூட நகர முடியாது. 2024-ல் அவரும் கண்ணை மூடினார்.

அதன் பிறகுதான் ஒரு நாள் பத்திரிகைச் செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்து நேரே யாழ்ப்பாணத்துக்கு விமானம் விடப்போகிறார்கள் என்ற செய்தி அது.

"தம்பி, நீங்கள் பத்திரிகைக்காரர். உண்மையாய்ச் சொல்லுங்கோ. எத்தனை மணித்தியாலம் போகும்? இதிலே ஒரு மணித்தியாலம் எண்டு போட்டிருக்கினம். பிழையாய் அச்சடிச்சுப் போட்டினமோ?"

பிழையில்லை என்று காட்டுவதற்காக நான் ஒரு பென்சிலும் அவருடைய பேத்தியின் அட்லஸும் வாங்கினேன்.

அறுபது, எண்பது, நூறு

ஆகாயத் தூரத்தைக் கணக்கிடுவது பெரிய வித்தையல்ல. பள்ளிக்கூடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை என்று படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோமே, அதைக் கொஞ்சம் நினைவுபடுத்திக் கொண்டால் போதும்.

அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது 60 கலை. வடக்கு தெற்காக ஒரு கலை தூரம் நகர்ந்தால் அதற்குப் பெயர் ஒரு கடல் மைல். அதாவது 1,852 மீட்டர். மாலுமிகள் வைத்த அளவு இது. விமானிகளும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

திருச்சி விமான நிலையம் வட அட்சரேகை 10 டிகிரி 46 கலையில் இருக்கிறது. பலாலி 9 டிகிரி 47 கலையில். வித்தியாசம் 59 கலை. ஆகவே பலாலி, திருச்சிக்கு 59 கடல் மைல் தெற்கே இருக்கிறது. அறுபது என்றே வைத்துக்கொள்வோம்.

இனி கிழக்கு மேற்கு. திருச்சி 78 டிகிரி 43 கலை. பலாலி 80 டிகிரி 4 கலை. வித்தியாசம் 81 கலை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்குவதால் இங்கே ஒரு கலை, ஒரு கடல் மைலுக்குக் கொஞ்சம் குறையும். ஆக ஏறக்குறைய 80 கடல் மைல் கிழக்கே.

தெற்கே 60, கிழக்கே 80. குறுக்கே எவ்வளவு? இந்த இடத்தில் பேத்தி குதித்துக்கொண்டு முன்னே வந்தாள். "மாமா, இது பிதாகரஸ்! மூன்று, நாலு, ஐந்து! அறுபது, எண்பது, நூறு!"

சரியாகத்தான் சொன்னாள். நூறு கடல் மைலுக்கு ஒரு முடி குறைவு. கிலோமீட்டரில் 184. பூமி உருண்டையாயிற்றே என்று பயப்பட வேண்டாம். இவ்வளவு சின்னத் தூரத்தில் அந்த வளைவு கணக்கைக் கெடுக்காது. சென்னையிலிருந்து லண்டனுக்குக் கணக்கிட்டால்தான் தட்டை வரைபடத்தில் போட்ட நேர்க்கோடு ஏமாற்றும்.

இந்த வழித்தடத்தில் பறக்க வந்தது ஏ.டி.ஆர். என்ற சிறிய விமானம். இரண்டு சுழல் விசிறிகள் வைத்தது. மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 184 கிலோமீட்டரை அந்த வேகத்தில் கடக்க எவ்வளவு நேரம்? இருபத்திரண்டு நிமிஷம்!

யாழ்ப்பாணத்தம்மா பென்சிலை வாங்கி, அந்த 22 என்ற எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பேசவில்லை.

பாக்கி முப்பத்தெட்டு நிமிஷம் எங்கே?

இருபத்திரண்டு நிமிஷத் தூரத்துக்கு அட்டவணையில் ஏன் ஒரு மணி நேரம்? நடுவில் முப்பத்தெட்டு நிமிஷத்தை யார் விழுங்கினார்கள்?

சகோதரிகளே, உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். ரசம் கொதிப்பது ஐந்து நிமிஷம். ஆனால் "ஐந்து நிமிஷத்தில் சாப்பாடு போடு" என்று வீட்டுக்காரர் சொன்னால் உங்களுக்குக் கோபம் வருமா, வராதா? புளி கரைக்க வேண்டும், பருப்பு வேக வேண்டும், தாளிக்க வேண்டும், இலை போட வேண்டும். விமான சமாசாரமும் அப்படித்தான்.

அட்டவணையில் போடும் நேரம் ஆகாயத்தில் பறக்கிற நேரம் மட்டும் அல்ல. நிற்கும் விமானம் உருளாமலிருக்கச் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்த நிமிஷம் முதல், போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி கட்டை கொடுக்கிற நிமிஷம் வரை உள்ள நேரத்தைத்தான் கணக்கில் வைக்கிறார்கள். அதனால்தான் அதற்குப் 'பிளாக் டைம்' என்று பெயர்.

அதற்குள் என்னென்ன அடங்குகிறது, பாருங்கள். விமானம் ஊர்ந்து ஓடுபாதையின் கோடிக்குப் போக வேண்டும். உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டும். காற்றை எதிர்த்துத்தான் கிளம்ப வேண்டும். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. மேற்கே பார்த்துக் கிளம்பினால், போக வேண்டிய ஊர் முதுகுக்குப் பின்னால்! அரை வட்டமடித்துத் திரும்ப வேண்டும். ஏறும்போது முழு வேகம் கிடையாது, இறங்கும்போதும் கிடையாது. இவ்வளவு சின்னப் பயணத்தில் ஏறி முடித்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இறங்கத் தொடங்க வேண்டியதுதான். நடுக்கடலில் சென்னை வான் எல்லையைக் கடந்து கொழும்பு வான் எல்லைக்குள் போகும்போது, ஒரு கட்டுப்பாட்டு நிலையம் விமானத்தை இன்னொன்றிடம் ஒப்படைக்க வேண்டும். பிறகு பலாலி ஓடுபாதைக்கு நேராக வந்து இறங்கச் சுற்று வழி. இவை போக, 'எதற்கும் இருக்கட்டும்' என்று சில நிமிஷங்களை முடிந்து வைத்திருப்பார்கள், நாம் அஞ்சறைப் பெட்டியில் பத்து ரூபாய் ஒளித்து வைக்கிறோமே, அந்த மாதிரி.

ஆகையால் தூரம் பாதியானால் நேரமும் பாதியாகிவிடாது. சென்னை பலாலிக்கு ஏறக்குறைய 355 கிலோமீட்டர். திருச்சித் தூரத்தைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் பயண நேரம் இரண்டு மடங்கல்ல. ஒன்றேகால் மணி அளவில்தான். கட்டை எடுப்பதும் வைப்பதும் எல்லாத் தூரத்துக்கும் ஒன்றுதானே!

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று அடித்தால் இருபத்திரண்டு நிமிஷம் இருபத்து நாலரை ஆகும். பின்காற்று அடித்தால் இருபதாகும். அவ்வளவுதான் வித்தியாசம். பத்து மணி நேரம் பறக்கிறவர்களுக்குத்தான் காற்று எஜமானன். நமக்கு அவன் தெருவில் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிற சிநேகிதன்.

இதைவிடச் சிறிய பயணமும் உலகத்தில் உண்டு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில், வெஸ்ட்ரே என்ற தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே என்ற தீவுக்கு 1967 முதல் விமானம் ஓடுகிறது. தூரம் 2.7 கிலோமீட்டர். அட்டவணையில் இரண்டு நிமிஷம். காற்று தயவு செய்த ஒரு நாள் 53 விநாடிகளில் போய்ச் சேர்ந்ததுதான் சாதனை! பெல்ட்டைக் கட்டி முடிப்பதற்குள் அவிழ்க்கச் சொல்லிவிடுவார்கள் போலிருக்கிறது.

பாதை வந்த கதை

இந்த ஒரு மணி நேரப் பாதை திரும்பி வருவதற்கு எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்தால்தான் மனசு கனக்கிறது.

1914-ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் விட்டார்கள். சென்னையில் 'போட் மெயில்' ஏறியவர்கள் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, அக்கரையில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போனார்கள். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோயிற்று. பிறகு ராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980-களின் நடுவில் அதுவும் நின்றது.

ஆகாய வழியும் பழையதுதான். பலாலி விமானத் தளம் இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரிட்டிஷார் அமைத்தது. 1947 டிசம்பர் 10-ஆம் தேதி 'ஏர் சிலோன்' தன் முதல் விமானத்தை ரத்மலானையிலிருந்து சென்னைக்கு விட்டபோது, அது யாழ்ப்பாணத்தில் இறங்கித்தான் வந்தது! அதாவது, இலங்கை சுதந்திரம் பெறுமுன்பே யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் விமானம் இருந்தது. பின்னால் வந்த யுத்தத்தில் பலாலி ராணுவத் தளமாயிற்று.

2019 அக்டோபர் 17-ல் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11-ல் சென்னையிலிருந்து விமானம் வந்தது. நாலு மாதம் போவதற்குள் கொரோனா வந்து கதவைச் சாத்தியது. 2022 டிசம்பரில் மறுபடி சென்னை விமானம். 2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல். அது நின்று, மறுபடி 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பிறகு 2025-ல் திருச்சி விமானம்.

பாதை இல்லாதபோது கதை எப்படி இருந்தது தெரியுமா? திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஆகாயத்தில் நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்; கொழும்பிலிருந்து திரும்ப வடக்கே தரையில் நானூறு. ஆக, 184 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தங்கையைப் பார்க்க எண்ணூறு கிலோமீட்டர்! தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அது இதுதான்.

ஜன்னல் ஓரம்

யாழ்ப்பாணத்தம்மா டிக்கெட் வாங்கிவிட்டார். வாங்கிய நாள் முதல் பெட்டி கட்டத் தொடங்கினார். தங்கைக்கு ஒரு பட்டுப் புடவை, ஸ்ரீரங்கத்துக் குங்குமம், அவர் கையாலேயே இடித்த பருப்புப் பொடி. நிறுத்துப் பார்த்தால் எடை அதிகம். பருப்புப் பொடியை எடுக்கச் சொன்னாள் பேத்தி. பாட்டி தன் புடவை இரண்டை எடுத்தார். பொடி போகத்தான் போனது.

நீங்களும் போவதாயிருந்தால் சில குறிப்புகள். விமானம் புறப்படும் நாட்களும் நேரமும் மாறக்கூடியவை; விசா விதிகளும் அப்படியே. டிக்கெட் எடுக்குமுன் இரண்டையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரப் பயணந்தானே என்று கடைசி நிமிஷத்தில் ஓடக் கூடாது. இது வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட், சுங்கம், சோதனை எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று மணி முன்னதாகவே போய்விட வேண்டும். ஏ.டி.ஆர். விமானத்தில் பின்பக்க வாசலால் ஏற வேண்டும். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே நன்றாகத் தெரியும். நேர்க்கோட்டில் போனால் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம் பக்கமாகக் கரையைத் தாண்டும். அதற்கு மேல் கிட்டத்தட்டப் பாதித் தூரம் கடல். போகும்போது கோடியக்கரை இடப்பக்கம். யாழ்ப்பாணத்துத் தீவுகள் வலப்பக்கம். கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. 2006 ஏப்ரல் முதல் இலங்கைக் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்றேதான்.

யாழ்ப்பாணத்தம்மா இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்பினார். பனங்கட்டியும் புழுக்கொடியலும் தெரு முழுவதற்கும் வந்தன. நான் நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தேன்.

"சொல்லுங்கள் அம்மா. விமானம் எத்தனை மணி நேரம் போயிற்று?"

"ஒரு மணித்தியாலமும் இல்லை, தம்பி. அம்பத்திரண்டு நிமிஷம். பேத்தியின்ரை மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தனான். ஆனால் இந்த வாசல் தாண்டி அந்த வாசல் மிதிக்க ஆறரை மணித்தியாலம்."

"கடல் தெரிந்ததா?"

"தெரிஞ்சுது. கப்பலிலே வரேக்கை எவ்வளவு பெரிசாய் இருந்தது! மேலே இருந்து பார்த்தால் ஒரு தாம்பாளத்துத் தண்ணி மாதிரி." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இதுக்குத்தானோ எண்டு நினைச்சன்."

தங்கை என்ன சொன்னார் என்று கேட்டேன். அதைத்தான் கேட்க வந்தேன் என்பது அவருக்கும் தெரியும்.

பலாலியிலிருந்து ஊருக்குள் வரக் கார் கொஞ்சம் தாமதமாகிவிட்டதாம். தங்கை மத்தியானம் முதல் படலையைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருக்கிறார். பதினாறு வயதில் கப்பல் துறையில் பார்த்த பெண்ணுக்கு இப்போது தலை முழுக்க நரை. கார் வந்து நின்றதும் ஓடி வந்து, கதவைத் திறந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனக்கா இவ்வளவு நேரம்?" என்று கேட்டுவிட்டாராம்.

அரை மணி நேரத் தாமதத்தைத்தான் கேட்டார். ஆனால் கேட்டு முடித்ததும் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

"நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?"

"என்னத்தைச் சொல்ல, தம்பி? நாப்பத்திரண்டு வருஷம் எண்டு சொல்லவோ? இருபத்திரண்டு நிமிஷம் எண்டு சொல்லவோ? 'பசிக்குது, சோறு போடு' எண்டு சொன்னன்."